தாய்க்கு ஒரு காமிரா



ஜவ்வாது மலையின் மேலே, ஆலங்காயத்திற்கு அப்பால், காவலூர் என்றொரு சிற்றூர் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூரில் 1968ஆம் ஆண்டு முதல் வானத்தை ஆராயும் தொலைநோக்கிகள் இயங்கி வருகின்றன. நகரத்து விளக்கொளி எட்டாத நல்ல இருளைத் தேடியே விஞ்ஞானிகள் இம்மலைக்கு வந்தார்கள். 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றது. கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி விட்டு விட்டு மங்கிற்று. சனிக்கு இருப்பது போலவே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்ற உண்மை அந்த மங்கலால் உலகிற்குத் தெரிய வந்தது. அதனைப் பதிவு செய்த நிலையங்களுள் நம் மலையிலுள்ள காவலூரும் ஒன்று.

அந்த யுரேனஸை 1781இல் முதன்முதலாகக் கண்டு சொன்னவர் வில்லியம் ஹெர்ஷல். அவருடைய மகன் ஜான் ஹெர்ஷலும் பெரிய வானியல் அறிஞர். புகைப்படக் கலையும் இந்த மகனுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறது. எடுத்த படம் வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைத்து நிற்கச் செய்யும் 'ஹைப்போ' என்ற உப்பின் குணத்தை 1819இல் கண்டறிந்தவர் அவர். ஒளியால் எழுதுதல் என்று பொருள்படும் 'போட்டோகிராபி' என்ற சொல்லை 1839இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்து வழக்கிற்குக் கொண்டு வந்தவரும் அவரே.

வானியல் பாடம் நடத்தவா இவர் வந்திருக்கிறார் என்று நீங்கள் எண்ணலாம். அன்று. இன்று நான் பேச வந்தது ஒரு தாயைப் பற்றி. ஜான் ஹெர்ஷல் அந்தத் தாயின் நண்பர்; புகைப்படம் என்று ஒன்று உண்டு என்பதையே அவருக்கு முதலில் அறிவித்தவர். அதனால்தான் நம் மலையிலிருந்து புறப்பட்டு, ஹெர்ஷலின் வழியே அந்தத் தாயிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சுக் குலத்தவர். உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, தென்வானத்தை ஆராய அங்கே தங்கியிருந்த ஹெர்ஷலின் நட்பு அவருக்குக் கிடைத்தது. தமக்குக் கணவராக வாய்த்த சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரையும் அங்கேதான் சந்தித்தார். 1838இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது. கணவர் இருபது வயது மூத்தவர்; இலங்கையின் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த குழுவினர் இருவருள் ஒருவர்; அத்தீவில் காப்பித் தோட்டங்களும் உடையவர். 1848இல் குடும்பம் இங்கிலாந்திற்குப் பெயர்ந்தது. 1860இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரை ஊரில், கவிஞர் டென்னிசனின் இல்லத்திற்கு அருகே வீடு வாங்கிக் குடியேறினர்.

கேமரன் அம்மையார் பெற்ற பிள்ளைகள் அறுவர். அவர்களோடு, தாய் தந்தையற்ற உறவினர் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். பிச்சையெடுத்துத் திரிந்த மேரி ரயன் என்ற அயர்லாந்துச் சிறுமியையும் வீட்டில் ஏற்றுப் படிக்க வைத்தார். இத்தனை பேருக்கும் உணவு, உடை, படிப்பு, நோய்க்கு மருந்து என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணிக்குக் கலை என்று ஒன்று தனியே எங்கிருந்து வரும்? நாற்பத்தெட்டு வயது வரை வரவில்லை.

1863ஆம் ஆண்டின் இறுதியில் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தார். மகள் ஜூலியா மணமாகிப் போயிருந்தாள். தாயின் தனிமையை உணர்ந்த அம்மகளும் அவள் கணவரும் ஒரு காமிராவை அனுப்பி வைத்தார்கள். தனித்திருக்கும் வேளையில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். விளையாட்டுப் பொருளாக வந்த அந்தப் பெட்டியை அம்மையார் வாழ்க்கைத் தோழனாக ஏற்றுக்கொண்டார்.

இன்று படம் எடுப்பது விரலால் தொடும் வேலை. அன்று அது எத்தகைய உழைப்பு என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பழுதறத் துடைத்துக் கழுவ வேண்டும். அதன்மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தைச் சீராகப் படர விட வேண்டும். பிறகு இருட்டறைக்குள் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அதனைத் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் காமிராவில் பொருத்திப் படம் எடுக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள்ளேயே மீண்டும் இருட்டறைக்கு ஓடி வந்து உருத்துலக்கவும் வேண்டும். இடையே ஒரு தூசி விழுந்தாலும் போயிற்று. படத்துக்கு அமர்ந்தவர் சில நிமிட நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அதன்பின், முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் படம் அச்சாகும். வெள்ளி நைட்ரேட்டு பட்ட இடமெல்லாம் கறுத்துப் போகும். அம்மையாரின் விரல்களும் உடைகளும் மேசை விரிப்புகளும் கறுத்தே கிடந்தன.

இதற்கெல்லாம் அவர் தனிக் கட்டடம் எழுப்பவில்லை. கரிக் கிடங்கு இருட்டறையாயிற்று. கோழிக் கொட்டகை கண்ணாடி வீடாயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. முட்டையில் வீட்டுப் பையன்கள் கண்டு வந்த சிறு வருமானம் நின்று போயிற்று. ஆயினும் வீட்டார் அனைவரும் அம்மாவின் புதிய வேலையில் மனமுவந்து பங்குகொண்டதாக அம்மையாரே பின்னாளில் எழுதினார்.

முதல் முயற்சி எப்படி முடிந்தது தெரியுமா? அவ்வூர் உழவர் ஒருவரைக் கூலி கொடுத்து உட்கார வைத்துப் படம் எடுத்தார். படமும் வந்தது. வந்த படத்தின் ஈரப்பக்கத்தில் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்! கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை; பிழையே ஆசிரியராயிற்று. ஒரு மாதம் போல இப்படிக் கழிந்தபின், 1864ஆம் ஆண்டு சனவரியில், ஆனி பில்பாட் என்ற சிறுமியின் முகம் தகட்டில் நன்றாகப் பதிந்தது. அதுவே தம் முதல் வெற்றி என்று அம்மையார் அப்படத்தில் எழுதி வைத்தார். அன்று அவருக்கு உண்டான மகிழ்ச்சியைக் கேளுங்கள். அச்சிறுமிக்குக் கொடுக்கப் பரிசு தேடி வீடெங்கும் ஓடினாராம். அந்தப் படத்தைத் தாம் எடுத்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தையே முழுவதும் செய்து கொடுத்ததாகத் தோன்றியதாம். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த ஒரு தாய்க்கன்றி வேறு யாருக்கு இவ்வெண்ணம் எழும்?

அதன்பின் நாள்தோறும் அவருக்குத் திருவிழாதான். கணவர் திரும்பி வந்தபின், ஒவ்வொரு தகடும் ஈரம் சொட்டச் சொட்ட முதலில் அவரிடம்தான் போகும். முதியவரான அவர் பார்த்து மகிழ்ந்து பாராட்டுவார்; ஓடிய வழியெல்லாம் விரிப்புகளில் கறை விழும். வேறொரு வீட்டில் இதற்குப் பூசல் மூண்டிருக்கும். அந்த வீட்டில் கறையைப் பொருட்படுத்தியவர் இல்லை. வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியர் என்ற பெண்ணைக் காமிராவின் முன் நிறுத்தினார். அவள் தேவ அன்னையாகத் தோன்றினாள். பேரக் குழந்தை உறங்கினால் அந்த உறக்கமும் ஒரு காவியப் படமாயிற்று. வீட்டிற்கு வெளியே போய்த் தேட வேண்டிய அழகு எதுவும் அவருக்கு இருக்கவில்லை. அன்றாடம் கண்ட முகங்களையே அவர் புதிதாகக் கண்டார்.

குறை கூறியவர்களும் இருந்தார்கள். படங்கள் தெளிவாக இல்லை, மங்கலாக இருக்கின்றன என்று லண்டனில் புகைப்படத் துறையினர் நகைத்தார்கள். எந்த அளவு தெளிவு சரியான தெளிவு என்று விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டு அம்மையார் தம் பழைய நண்பர் ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். 1867இல் அந்த ஹெர்ஷலையே படம் எடுத்தார். நரைத்த தலை ஒளி வட்டம்போலச் சூழ, வானத்தை நோக்கியே தேய்ந்த கண்களோடு அந்த முதியவர் இன்றும் அப்படத்திலிருந்து நம்மைப் பார்க்கிறார். டென்னிசன், கார்லைல், டார்வின் ஆகியோரின் முகங்களையும் அவர் காமிரா காத்து வைத்தது. லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் பெற்றுள்ள அரும்பொருட்சாலை 1865ஆம் ஆண்டிலேயே அவர் படங்களை வாங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் அவர் கையிலிருந்து வந்தன.

மேரி ரயனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவளை அம்மையார் எடுத்த படத்தைக் கண்காட்சியில் கண்ட ஓர் இளைஞர் அவளையே மணக்க விரும்பினார். 1867இல் திருமணம் நடந்தது. அந்த இளைஞர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர்.

மாணவர்களே, இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். கேமரன் அம்மையாருக்கு ஓய்வு கிடைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள். கடலுக்கு அப்பால் இலங்கைத் தோட்டங்கள் இருந்தன. அத்தகைய காப்பித் தோட்டங்களில் வேலை செய்ய நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் நடந்தும் படகேறியும் போனார்கள். வழியில் மாண்டவர்களும் பலர். ஒரு தாயின் கலைக்குப் பின்னால் எத்தனையோ தாய்மார்களின் வியர்வையும் இருந்தது. 1875இல் அம்மையார் கணவரோடு இலங்கைக்கே குடிபெயர்ந்தார். அங்கே நல்ல தண்ணீரும் இரசாயனப் பொருள்களும் கிடைப்பது அரிதாயினும் காமிராவை விடவில்லை. தோட்டத் தொழிலாளரையும் அத்தீவின் பெண்களையும் படம் எடுத்தார். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கு மேற்படா. பேரறிஞர்களைப் பார்த்த அதே கண் அம்மக்களையும் பார்த்தது. ஆனால் பேரறிஞர்களின் பெயர்கள் படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கின்றன. இவர்களுட் பலர் பெயரின்றி நிற்கிறார்கள். இதனையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் காலமானார். பொகவந்தலாவையில் ஒரு சிறு தேவாலயத்தின் முற்றத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவரும் அங்கேயே அடக்கமானார். காமிராவைப் பரிசளித்த மகள் ஜூலியா, பாவம், 1873ஆம் ஆண்டிலேயே பிரசவத்தில் இறந்துவிட்டாள். மகள் போனாள், மகள் தந்த மகிழ்ச்சி தாயோடு கடைசி வரை இருந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913இல் குஜராத்தின் நவசாரியில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரிலேயே அச்சாயின. பெண் பெயருக்கு அன்று மதிப்பில்லை. புடவை உடுத்து, காமிராவைச் சுமந்து, தில்லித் தெருக்களில் சைக்கிளில் சென்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நாட்களைப் படமாக்கினார். அவரும் ஒரு மகனுக்குத் தாய். 2011ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. காசிக்கு அருகே ராம்நகரில் 1919இல் பிறந்த மனோபினா, தேபலீனா என்ற இரட்டைச் சகோதரிகளுக்குப் பன்னிரண்டாம் வயதில் தந்தை காமிரா வாங்கிக் கொடுத்தார். மனோபினா, திரைப்பட இயக்குநர் பிமல் ராயின் மனைவியானார். நால்வருக்குத் தாயான பின்னும், வீட்டையும் உற்றாரையும் வழியில் கண்டோரையும் படம் எடுக்கும் இன்பத்தை அவர் கைவிடவில்லை.

இவர்களெல்லாம் வசதியும் படிப்பும் உடையவர்கள், எளிய குடும்பத்துத் தாய்க்கு இது எட்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக ஒன்று சொல்கிறேன்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர் ஒன்றில் என் பழைய மாணவி ஒருத்தி வாழ்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்து, சமைத்து, மாட்டைக் கவனித்து, சாமைக் கொல்லைக்குப் போய், மாலையில் விறகோடு திரும்புகிறவள். அவள் தம்பி புதிது வாங்கியபோது, கண்ணாடி கீறிய தன் பழைய கைபேசியை அவளுக்குக் கொடுத்தான். அதில் அவள் படம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். கொல்லைக்குப் போகும் வழியில் சாமைக் கதிர் மேல் நிற்கும் பனித்துளி, பலாச்சுளையைத் தின்று வாயெல்லாம் பிசுக்கான குழந்தை, மேகம் இறங்கி மறைத்த பாதி மலை, உரலில் சாமை குத்தும் மாமியாரின் கை, இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பாள். ஒருநாள் என்னிடம் அவற்றைக் காட்டினாள். "ஐயா, வேலை ஒண்ணும் குறையலை. ஆனா, படம் எடுக்க ஆரம்பிச்ச பிறகு, போற வழி அலுக்கிறதில்லை" என்றாள். கலையைப் பற்றி நான் படித்த பல நூல்களில் காணாத தெளிவு அந்தச் சொல்லில் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் மகனுக்கு இது வேடிக்கையாயிருந்தது. அம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று கேலி செய்தான். சென்ற ஆண்டு அவனுடைய பாட்டி இறந்து போனாள். வீட்டில் மாட்டி வைக்கப் பாட்டியின் படம் வேண்டுமென்று தேடினார்கள். ஆதார் அட்டையில் மிரண்ட கண்களோடு இருக்கும் ஒரு படத்தைத் தவிர வேறில்லை. அப்போது தாயின் கைபேசியிலிருந்து பாட்டி வெளியே வந்தாள்: முறத்தைக் கையில் ஏந்தி, யாரோ சொன்னதைக் கேட்டுப் பொக்கை வாய் திறந்து சிரிக்கும் பாட்டி. பையன் வாயடைத்துப் போனான். பிறகு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவன் வேறொன்றையும் கண்டான். அத்தனை படங்களிலும் அவன் இருந்தான், தங்கை இருந்தாள், அப்பா இருந்தார், மாடும் இருந்தது. அம்மா மட்டும் ஒன்றிலும் இல்லை. அன்று மாலை விறகு கொண்டுவர அவன் போனான். திரும்பி வந்து அம்மாவைப் படம் எடுத்தான்.

கேமரன் அம்மையாருக்கும் இப்படி ஒரு மகன் இருந்தான். நண்பர் ஹெர்ஷலின் நினைவாக ஹென்றி ஹெர்ஷல் என்று பெயரிடப்பட்ட கடைசி மகன். அம்மாவைப் பார்த்தே வளர்ந்து அவனும் புகைப்படக் கலைஞனானான். 1870ஆம் ஆண்டளவில் தன் தாயை அவன் எடுத்த படம் ஒன்று உண்டு. ஆயிரம் முகங்களைக் காத்துவைத்த அந்த முகத்தை நாம் இன்று நன்கு அறிவதற்கு அப்படம் பெரிதும் உதவுகிறது.

மாணவ மாணவியரே, அம்மா என்றால் நமக்காகச் சமைப்பவர், நமக்காக விழித்திருப்பவர் என்றே பள்ளிக் கட்டுரைகளில் எழுதிப் பழகிவிட்டோம். தியாகம் என்ற பெரிய சொல்லைச் சொல்லி வணங்கிவிட்டு, அவருக்கும் ஆசை ஒன்று இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் தாய்க்கு எதில் விருப்பம் என்று நீங்கள் கேட்டதுண்டா? அது படம் எடுப்பதாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், கோலமோ, தோட்டமோ, படிக்காமல் விட்ட புத்தகமோ ஆகலாம். அதனால் பணம் வர வேண்டுவதில்லை. பரிசு வர வேண்டுவதுமில்லை. தமக்கென்று ஓர் இன்பம் உடைய தாய் வீட்டில் உள்ள எல்லோரையும் புதிய கண்ணோடு பார்க்கிறார். அந்தப் பார்வையின் பயனை அனுபவிப்பவர்கள் நீங்களே.

காமிரா வாங்கிக் கொடுக்க உங்களிடம் இன்று பணம் இராது. ஆனால் தண்ணீர் எடுக்கலாம், பாத்திரம் துலக்கலாம், தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகலாம். நாளில் அரை மணி நேரத்தை உங்கள் தாயின் கையில் வைத்து, "இது உன்னுடையது, அம்மா" என்று சொல்லலாம். ஜூலியா என்ற மகள் தன் தாய்க்கு அனுப்பிய பரிசுக்கு எவ்வகையிலும் குறையாத பரிசு அது. அப்போது வெளிச்சம் நன்றாக இருந்தால், அவரைச் சற்றே முற்றத்தில் நிற்கச் சொல்லி ஒரு படமும் எடுத்து வையுங்கள். படத்தின் பின்னே அவர் பெயரை எழுத மறவாதீர்கள்.